கூரையிலிருந்து தொடங்கிய கணக்கு: சியாட்டிலின் புல்லிட் மையம்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டிலில் அக்டோபர் பிறந்ததும் வானம் மூடிக்கொள்ளும். அடுத்த வசந்தம் வரை தூறலும் மப்புமாகவே நாட்கள் நகரும். அந்த நாட்டின் பெருநகரங்களில் வெயில் மிகக் குறைவாகக் கிடைக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று, தன் கூரையில் விழும் வெயிலைக் கொண்டே ஆண்டுக் கணக்கில் தன் மின்தேவையை ஈடுகட்டிக்கொள்கிறது. கிழக்கு மேடிசன் தெருவில், 2013 ஏப்ரல் 22 புவி நாளன்று திறக்கப்பட்ட புல்லிட் மையம்தான் அது. மொத்தப் பரப்பு 52,000 சதுர அடி. சியாட்டில் நகர மையத்தின் கோபுரங்களோடு ஒப்பிட்டால் சின்னக் கட்டடம். ஆனால் நெட் ஜீரோ கட்டடம் என்று ஒன்றைத் திட்டமிடுகிற எவரும் படிக்க வேண்டிய பாடங்கள் அதில் நிறைய இருக்கின்றன.

நெட் ஜீரோ என்பதன் பொருள் எளிது. ஓராண்டில் கட்டடம் செலவழிக்கும் ஆற்றலை அதே ஆண்டில் அதே இடத்தில் உற்பத்தி செய்துவிட வேண்டும். மின்கம்பியோடு இணைப்பு இருக்கும். வெயில் காலத்தில் மிச்சத்தை வெளியே அனுப்பலாம், குளிர்காலத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் மீட்டர் கணக்கு சரிக்குச் சரியாகவோ உபரியாகவோ வர வேண்டும்.

இதைக் கேட்டதும் பலருடைய எண்ணம் நேராக சோலார் பேனலுக்குப் போகிறது. கட்டடத்தை வழக்கம்போல வரைந்து முடித்துவிட்டு, "எத்தனை பேனல் போட்டால் சமாளிக்கலாம்?" என்று கடைசியில் கேட்கிறார்கள். புல்லிட் மையத்தில் கேள்வி தலைகீழாகக் கேட்கப்பட்டது. இந்த மனையில், இந்த வானத்தின் கீழ், அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் எடுக்க முடியும்? அந்த அளவுக்குள் வாழ வேண்டுமென்றால் கட்டடம் எப்படி இருக்க வேண்டும்? கட்டடத்தின் உயரம், ஜன்னல், படிக்கட்டு, வாடகை ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் இந்தக் கேள்விதான் தீர்மானித்தது. வேறு எந்தத் தொழில்நுட்பத்தையும்விட இதுவே இந்தக் கட்டடத்தின் முதன்மையான சாதனை என்பது என் கருத்து.

கட்டச் சொன்னவர்கள்

கட்டடத்தைக் கட்டியது புல்லிட் அறக்கட்டளை. அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் சுற்றுச்சூழல் பணிகளுக்கு நிதி வழங்கிவந்த அமைப்பு. அதன் தலைவராக இருந்த டெனிஸ் ஹேய்ஸ் 1970-ல் முதல் புவி நாளை ஒருங்கிணைத்தவர். அதிபர் ஜிம்மி கார்ட்டர் காலத்தில் அரசின் சூரிய ஆற்றல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர். வாழ்நாள் முழுக்க சூரிய ஆற்றலைப் பற்றிப் பேசியவர், தன் அறக்கட்டளைக்கு அலுவலகம் தேவைப்பட்டபோது அதையே செய்து காட்ட முடிவு செய்தார்.

அவர் வைத்த இலக்கு சாதாரணமானதல்ல. லிவிங் பில்டிங் சேலஞ்ச் என்ற சான்றிதழ் முறையை எடுத்துக்கொண்டார். மற்ற பசுமைச் சான்றிதழ்களில் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம். இதில் அந்தச் சலுகை கிடையாது, எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியாக வேண்டும். மின்சாரம் முழுக்க மனையிலேயே உற்பத்தியாக வேண்டும், மழைநீரை வைத்தே தண்ணீர்த் தேவை தீர வேண்டும், நச்சு வேதிப்பொருட்களின் தடைப்பட்டியலில் இருக்கும் எதுவும் கட்டுமானப் பொருட்களில் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரைபடத்தையும் கணினிக் கணிப்பையும் காட்டிச் சான்றிதழ் வாங்க முடியாது. ஆட்கள் குடிவந்த பிறகு 12 மாதம் தொடர்ந்து அளந்த கணக்கைக் காட்ட வேண்டும்.

மில்லர் ஹல் நிறுவனம் கட்டட வடிவமைப்பைச் செய்தது. பி.ஏ.இ. நிறுவனம் இயந்திர, மின் பொறியியலைக் கவனித்தது. ஷூகார்ட் கட்டுமானத்தை ஏற்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த வடிவமைப்பு ஆய்வகமும் பகல் வெளிச்சம், ஆற்றல் தொடர்பான ஆலோசனைகளுக்கு உடன் இருந்தது. இவர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொடங்கியது முக்கியம். வரைபடம் முடிந்த பிறகு ஏ.சி. பொறியாளரைக் கூப்பிடும் வழக்கத்தில் இப்படியொரு கட்டடம் வராது. சுவரின் தடிமனும், வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்துக்குத் தள்ளும் ஹீட் பம்பின் அளவும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒன்றை முடிவுசெய்துவிட்டு மற்றதை யோசித்தால் இரண்டுமே கெடும்.

சதுர அடிக்கு எத்தனை யூனிட்

கூரையில் 575 பேனல்கள். மொத்தத் திறன் 242 கிலோவாட். சியாட்டில் வானத்தில் அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,30,000 யூனிட் தரும் என்று கணித்தார்கள். அதாவது ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 950 யூனிட் அளவுக்கு. சென்னையில் அதே பேனலை வைத்தால் ஒன்றரை மடங்கு கிடைக்கும். அந்த அளவுக்கு வெயில் குறைந்த ஊர் அது.

இந்த 2,30,000-ஐ 52,000 சதுர அடிக்குப் பங்கிட்டால் சதுர அடிக்கு ஆண்டுக்கு சுமார் நாலரை யூனிட் வருகிறது. இதுதான் கட்டடத்தின் வரவு. இப்போது மற்ற கட்டடங்களின் செலவைப் பார்க்க வேண்டும். மின்சாரம், எரிவாயு எல்லாவற்றையும் யூனிட்டாக மாற்றிப் பார்த்தால், சியாட்டிலின் சராசரி அலுவலகக் கட்டடம் சதுர அடிக்கு சுமார் 27 யூனிட் எடுத்துக்கொண்டிருந்தது. அப்போதைய நகர விதிகளின்படி புதிதாகக் கட்டினால் 15 யூனிட். லீட் என்ற பசுமைச் சான்றிதழில் உச்சமான பிளாட்டினம் தரம் பெற்ற கட்டடம் என்றால் 9 யூனிட்டுக்குச் சற்று மேல்.

இந்த எண்களை வைத்து ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பாருங்கள். அதே 575 பேனல்களைச் சராசரிக் கட்டடத்தின் மேல் வைத்தால் அவை 8,500 சதுர அடிக்குத்தான் போதும். ஆறு மாடியில் ஒரே ஒரு மாடி. விதிப்படி கட்டிய புதுக் கட்டடத்தில் வைத்தாலும் இரண்டு மாடிக்கே எட்டாது. பிளாட்டினம் தரத்தில்கூட மூன்றாவது மாடியோடு மின்சாரம் தீர்ந்துபோகும். ஆக, மீதி மாடிகளுக்கான மின்சாரத்தைக் கூரையில் தேடிப் பயனில்லை. செலவைக் குறைத்துத்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும். பொறியாளர்கள் வைத்துக்கொண்ட இலக்கு சதுர அடிக்கு 4.7 யூனிட், கூரையின் வரவை ஒட்டிய அளவு. விரலுக்கேத்த வீக்கம் என்பார்களே, அந்த விரலின் அளவை முதலில் எடுத்துவிட்டார்கள்.

விரலையும் கொஞ்சம் நீட்டத்தான் செய்தார்கள். மனையின் பரப்பு சுமார் 10,000 சதுர அடி. பேனல்களின் பரப்போ அதைவிட அதிகம். எப்படி? கூரை சுவர்களைத் தாண்டி நாலா பக்கமும் வெளியே நீண்டு, நடைபாதைக்கு மேலே பெரிய தொப்பி விளிம்பு போல நிற்கிறது. பொது இடத்துக்கு மேலே தனியார் கட்டடத்தின் கூரை நீள்வதற்கு நகர விதிகள் இடம் கொடுக்கவில்லை. 2009-ல் சியாட்டில் நகராட்சி இத்தகைய கட்டடங்களுக்கென்றே ஒரு சோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்து சில விதிகளில் விலக்கு அளித்தது. அதன்படி கூரை நீண்டது. கட்டடத்துக்குக் கூடுதலாக 10 அடி உயரமும் கிடைத்தது. அந்த உயரத்தை இன்னொரு மாடி ஏற்றி வாடகை பார்க்கப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு மாடியையும் உயர்த்தப் பயன்படுத்தினார்கள்.

உயரம் எதற்கு

தரைக்கும் அடுத்த தரைக்கும் இடையே கிட்டத்தட்ட 14 அடி. அலுவலகக் கட்டடத்துக்கு இது தாராளம். காரணம் வெளிச்சம். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப வெளிச்சம் அறைக்குள் ஆழமாகப் போகும். இடுப்பளவிலிருந்து ஏழடி வரை மட்டும் கண்ணாடி வைத்தால் ஜன்னலோரத்து மேஜைக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும், நடுவில் இருப்பவர் விளக்கைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். மேலே உயர்த்திய கண்ணாடி வழியாக மப்பு வானத்தின் பரவலான வெளிச்சம் நடுப்பகுதி வரை வருகிறது. சியாட்டிலின் மேகமூட்டம் சோலாருக்குக் கெடுதல்தான். ஆனால் நிழல் விழாத அந்த மென்வெளிச்சம் மேஜை வேலைக்கு ஏற்றது. பகலின் பெரும்பகுதியில் விளக்கு தேவைப்படுவதில்லை.

கண்ணாடி பெரிதானால் குளிர் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகும். அதனால் மூன்று அடுக்குக் கண்ணாடி போட்டார்கள். ஜெர்மனியின் ஷூகோ நிறுவனத்தின் வடிவமைப்பு. ஆனால் தொலைதூரத்திலிருந்து கனமான பொருளைக் கொண்டுவரச் சான்றிதழ் விதி அனுமதிக்காது. எனவே சியாட்டிலுக்கு வடக்கே எவரெட் என்ற ஊரில் இருக்கும் கோல்ட்ஃபின்ச் பிரதர்ஸ் என்ற கண்ணாடி நிறுவனம் உரிமம் பெற்று அந்த ஜன்னல்களை உள்ளூரிலேயே தயாரித்தது. ஒரு கட்டடத்தின் தேவை உள்ளூர்த் தொழிலாளர்களிடம் ஒரு புதுத் திறமையை விட்டுச்சென்றிருக்கிறது. மின்கணக்கில் வராத இப்படிப்பட்ட ஆதாயங்களையும் எழுதிவைக்க வேண்டும்.

ஜன்னல் திறக்கும் விதம் கவனிக்கத்தக்கது. கீல் வைத்துக் கதவு போலத் திறப்பதில்லை. முழுக் கண்ணாடியும் சுவருக்கு இணையாகச் சில அங்குலம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நாலு விளிம்பிலும் இடைவெளி கிடைப்பதால் கீழ்ப்பக்கம் குளிர்ந்த காற்று வரும், மேல்பக்கம் சூடான காற்று வெளியேறும். வெளி வெப்பநிலை, காற்று, மழை ஆகியவற்றை உணரிகள் அளந்து சொல்ல, மோட்டார்கள் தாமாகவே திறந்து மூடுகின்றன. கோடை இரவுகளில் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஜன்னல்கள் திறந்துகொள்ளும். இரவுக் காற்று கான்கிரீட் தளத்தைக் குளிரவைக்கும். மறுநாள் பகலில் அந்தக் குளிர்ச்சியே நெடுநேரம் தாங்கும். வெளிப்புறத்தில் தாமே இறங்கி ஏறும் மடிப்புத் தட்டிகளும் உண்டு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதுதான் சரி. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலையால் திருப்பி அனுப்ப முடியாது.

வெப்பமூட்ட எரிவாயு இல்லை. நிலத்துக்குள் 400 அடி ஆழத்துக்கு 26 துளைகள் போட்டு, அவற்றில் குழாய்களை இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கும் போர்வெல் அல்ல. குழாய்க்குள் இருக்கும் திரவம் கீழே போய் நிலத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அந்த ஆழத்தில் கோடையானாலும் குளிர்காலமானாலும் வெப்பநிலை 12, 13 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெளியே 2 டிகிரி குளிரில் இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தைப் பிழிவதைவிட 12 டிகிரி நிலத்திலிருந்து எடுப்பது ஹீட் பம்புக்கு எளிது. எடுத்த வெப்பத்தைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கித் தளத்துக்குள் பதித்த குழாய்களில் ஓடவிடுகிறார்கள். தரை முழுவதும் வெப்பம் தருவதால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலே போதும், கொதிக்க வேண்டியதில்லை. ஹீட் பம்பின் வேலை இன்னும் குறைகிறது. கோடையில் ரொம்பவும் சூடான நாட்களில் இதே குழாய்களைத் தளத்தைக் குளிர்விக்கவும் பயன்படுத்தலாம். ஜன்னல்கள் மூடியிருக்கும் குளிர்காலத்தில் சுத்தமான காற்று வேண்டுமே. வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக்கொடுக்கும் கருவி அதற்கு இருக்கிறது.

இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 2013-ல் எல்லாமே கடையில் கிடைத்தவைதான். ஒன்றோடொன்று பொருந்துமாறு அளவு பார்த்துச் சேர்த்ததில்தான் சாமர்த்தியம். ஜன்னலும் இன்சுலேஷனும் நன்றாக இருப்பதால் ஹீட் பம்ப் சின்னதாகிறது, ஹீட் பம்ப் சின்னதாவதால் துளைகளின் எண்ணிக்கை குறைகிறது, அதில் மிஞ்சும் பணம் ஜன்னலுக்குப் போகிறது.

படிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் வாசலில் நுழைந்ததும் லிஃப்ட் கண்ணில் படும். படிக்கட்டு ஏதோ ஒரு மூலையில், கனமான தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால், ஜன்னலில்லாமல் இருக்கும். இங்கே படிக்கட்டு கட்டடத்தின் முகப்பில், கண்ணாடிக் கூண்டுக்குள், நகரத்தையும் தூரத்து நீர்ப்பரப்பையும் பார்த்துக்கொண்டே ஏறும்படி மரப்படிகளோடு நிற்கிறது. லிஃப்ட் பின்னால் இருக்கிறது. மறுக்க முடியாத படிக்கட்டு என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மின்சாரத்தில் இதன் மிச்சம் பெரிதாக இருக்காது. ஆனால் மனிதர்களின் பழக்கத்தை அறிவுரையால் மாற்றாமல் அமைப்பால் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் கட்டடம் முழுக்க ஓடுவதற்கு இது நல்ல சாட்சி. காருக்கு இடம் ஒதுக்கவே இல்லை. சைக்கிள் நிறுத்தவும் ஓட்டிவந்தவர்கள் குளிக்கவும் இடம் இருக்கிறது.

பிளக் பாயின்டில் கசியும் மின்சாரம்

விளக்கையும் வெப்பத்தையும் குறைத்துவிட்ட பிறகு மிச்சமிருக்கும் செலவில் பெரும்பங்கு எங்கே போகிறது தெரியுமா? மேஜைக் கணினி, இரண்டு மானிட்டர், பிரின்டர், சர்வர், காபி மெஷின். கட்டடக் கலைஞரின் கைக்குள் வராத பகுதி இது. சுவரை எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் ஒரு வாடகைதாரர் பழைய சர்வர்களை ஓர் அறை நிறைய ஓடவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். நெட் ஜீரோ என்ற பெயரோடு கட்டிய கட்டடங்கள் நடைமுறையில் தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

இன்னும் சின்ன அளவில் இதைச் சமாளித்த ஒரு முன்னுதாரணம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இருந்தது. ஐடியாஸ் இசட் ஸ்கொயர்ட் என்ற அலுவலகம். 1960-களில் கட்டிய, ஜன்னல் இல்லாத பழைய வங்கிக் கிளை ஒன்றை, ஒரு மின்பொறியியல் நிறுவனம் தன் சொந்த அலுவலகமாக 2007-ல் மாற்றியமைத்தது. பரப்பு 6,500 சதுர அடி போல. கடைசியாகக் கிளம்பும் ஊழியர் வாசலில் திருட்டு அலாரத்தை இயக்கியதுமே, தேவையில்லாத பிளக் பாயின்டுகளின் மின்சாரமும் அத்தோடு நின்றுவிடும்படி வயரிங் செய்திருந்தார்கள். தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு சேமிப்பைக் கோத்துவிட்டது நல்ல யோசனை. ஆனால் அங்கே கட்டடமும் நிறுவனமும் ஒரே கை. புல்லிட் மையத்தில் வாடகைதாரர்கள் பலர். யார் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

அதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு யூனிட் என்று ஒரு பங்கு. தனித்தனி மீட்டர். பங்குக்குள் நின்றால் கட்டணச் சலுகை உண்டு. குடிவருவதற்கு முன்பே வாடகைதாரரோடு உட்கார்ந்து, எத்தனை பேர், என்ன கருவிகள், லேப்டாப்பா மேஜைக் கணினியா, சர்வரை வெளியே மாற்ற முடியுமா என்று பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். நிலத்தைத் துளைத்த 26 துளைகளுக்கு இணையான மதிப்பை இந்த ஒப்பந்தத்தாளுக்கும் நான் கொடுப்பேன். கட்டடம் கட்டுபவர்கள் வழக்கமாக வக்கீலிடம் விட்டுவிடும் காகிதம் அது. இங்கே அதுவும் வடிவமைப்பின் ஒரு பகுதி.

மரமும் பூச்சும்

கீழே இரண்டு தளங்கள் கான்கிரீட், மேலே நான்கு தளங்கள் மரச்சட்டம். பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளிலிருந்து சான்றிதழோடு வந்த டக்ளஸ் ஃபர் மரம். கனமான மரத்தூண்களும் உத்தரங்களும் கொண்ட இந்த அளவு வணிகக் கட்டடம் சியாட்டிலில் 1920-களுக்குப் பிறகு எழவில்லை. கட்டடத்தின் ஆயுளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எலும்புக்கூடு 250 ஆண்டு நிற்க வேண்டும், வெளித்தோல் 50 ஆண்டு, பேனல் முதலான கருவிகள் 25 ஆண்டு. சீக்கிரம் பழசாகும் பகுதியை, நீடிக்கும் பகுதியைத் தொடாமல் கழற்றி மாட்டும்படி அமைக்க இந்தப் பிரிப்பு உதவுகிறது. பேனலின் திறன் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதால், அடுத்த முறை மாற்றும்போது அதே கூரையின் வரவும் உயரும்.

நச்சுப் பட்டியலால் வந்த ஒரு நல்ல விளைவையும் சொல்லத்தான் வேண்டும். காற்றும் நீரும் கசியாமல் சுவரில் பூச ப்ரோசோகோ நிறுவனத்தின் பூச்சு ஒன்று தேவைப்பட்டது. அதில் தாலேட் என்ற வேதிப்பொருள் இருந்தது. தாலேட் தடைப்பட்டியலில் உள்ளது. நிறுவனம் கலவையையே மாற்றியமைத்துத் தாலேட் இல்லாத பூச்சைத் தயாரித்தது. ஒரு கட்டடத்துக்காகச் செய்த அந்த மாற்றத்தைத் தன் வழக்கமான தயாரிப்பிலும் வைத்துக்கொண்டது. வாங்குபவர் உறுதியாக நின்று கேட்டால் தயாரிப்பவர் மாறுவார் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

தண்ணீரில் பட்ட பாடு

மின்சாரம் கிட்டத்தட்ட கணித்தபடியே வந்தது. தண்ணீர் அப்படி வரவில்லை. கூரையில் விழும் மழையை அடித்தளத்தில் 56,000 காலன், அதாவது இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டியில் சேர்க்கிறார்கள். அதை வடிகட்டி, புற ஊதாக் கதிரால் கிருமி நீக்கிக் குடிநீராக்கும் வசதி தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் ஓர் அலுவலகக் கட்டடம் தனக்குத்தானே குடிநீர் வழங்கும் நிறுவனமாகப் பதிவுபெற வேண்டியிருந்தது. ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் அமைப்புக்கு எழுதிய விதிகள் அதற்கும் பொருந்தின. குளோரின் சேர்த்தே ஆக வேண்டும் என்பதும் அதில் அடக்கம். அனுமதி கைக்கு வரக் கட்டடம் திறந்து பல ஆண்டுகள் ஆயின. அதுவரை குழாயில் வந்தது நகரத் தண்ணீர்தான்.

கழிப்பறைகளிலும் சிக்கல். ஆறு மாடிக்கும் சேர்த்து, இரண்டு கரண்டித் தண்ணீரும் நுரையும் மட்டுமே போதுமான கம்போஸ்ட் கழிப்பறைகளை வைத்தார்கள். கழிவு குழாய் வழியாக அடித்தளத்தில் இருக்கும் பெரிய பெட்டிகளில் விழுந்து மக்கி உரமாகும். நாற்றம் மேலே வராமல் இருக்க மின்விசிறிகள் இரவு பகலாக ஓட வேண்டும். ஈரம் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு பண்ணை வீட்டுக்கு நன்றாகப் பொருந்துகிற முறை, நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்துபோகும் பல மாடிக் கட்டடத்தில் பெரிய பராமரிப்புச் சுமையாயிற்று. சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிகக் குறைந்த தண்ணீரில் இயங்கும் வாக்யூம் கழிப்பறைகளுக்கு மாறினார்கள். அதை அறக்கட்டளை மறைக்காமல் வெளியே சொன்னது. ஒரு முன்மாதிரிக் கட்டடத்தின் கடமை அதுதான். பின்னால் வருகிறவர் அதே பள்ளத்தில் விழ வேண்டியதில்லை.

மீட்டர் சொன்னது

2014 ஆம் ஆண்டில் கட்டடம் செலவழித்தது சுமார் 1,53,000 யூனிட். உற்பத்தி செய்தது சுமார் 2,44,000 யூனிட். செலவைப் போல அறுபது சதவீதம் உபரி. சதுர அடிக்குச் செலவு மூன்று யூனிட்டுக்கும் கீழே. இலக்காக வைத்த 4.7-ஐவிட நன்றாகவே குறைவு. அந்த ஆண்டில் எல்லா மாடிகளும் வாடகைக்குப் போய்விடவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆட்கள் கூடக்கூட செலவும் ஏறும். 4.7 என்ற இலக்கு கட்டடம் நிறைந்திருக்கும் நிலையை மனதில் வைத்துப் போட்டது. 2015-ல் லிவிங் பில்டிங் சான்றிதழ் கிடைத்தது.

இந்த வெற்றிக்கு உள்ளே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, உபரி எல்லாம் கோடையில் வருவது. டிசம்பரில் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழுவதில்லை. மாலை நாலரை மணிக்குள் மறைந்துவிடும். ஹீட் பம்புக்கு வேலை அதிகமாக இருக்கும் அந்த மாதங்களில் கட்டடம் வெளியிலிருந்துதான் மின்சாரம் வாங்குகிறது. ஆண்டுக் கணக்கு என்ற ஏற்பாட்டில் நகர மின்வாரியம் பேட்டரியாக நிற்கிறது. ஒரு கட்டடத்துக்கு அது சரி. ஊரில் உள்ள எல்லாக் கட்டடமும் ஜூலையில் கொடுத்து டிசம்பரில் கேட்டால் மின்வாரியம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு கூரையில் விடை இல்லை. அதனாலேயே உற்பத்தியைவிடச் சேமிப்பை மேலாக மதிக்க வேண்டும் என்கிறேன். மூன்று அடுக்குக் கண்ணாடி டிசம்பர் இரவிலும் வேலை செய்கிறது. பேனல் செய்வதில்லை.

இரண்டாவது, சியாட்டிலின் மின்சாரத்தில் பெரும்பங்கு நீர்மின்சாரம். நிலக்கரியை எரிக்கும் ஊரில் இப்படியொரு கட்டடம் தவிர்க்கும் கரியமில வாயு இதைவிடப் பல மடங்கு இருக்கும். கட்டடத்தின் குறையாக இதைச் சொல்லவில்லை. எங்கே கட்டினால் பலன் அதிகம் என்று யோசிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, கட்டுமானத்துக்கு மட்டும் 1.85 கோடி டாலர். நிலம், கட்டணங்கள், வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 3.25 கோடி டாலர். சாதாரண அலுவலகத்தைவிட அதிகம்தான். இலாபம் எதிர்பார்க்காத அறக்கட்டளை செய்யலாம், கடன் வாங்கிக் கட்டும் வணிகர் செய்வாரா என்ற கேள்வி நியாயமானது. சிக்கல் பணத்தின் அளவில் மட்டும் இல்லை. யார் போடுகிறார், யார் எடுக்கிறார் என்பதில் இருக்கிறது. நல்ல ஜன்னலுக்குப் பணம் போடுபவர் உரிமையாளர். மின்கட்டணம் குறைவது வாடகைதாரருக்கு. மின்வாரியத்துக்கோ விற்பனை குறைகிறது. மூவரில் இருவருக்கு இழப்பு தரும் ஏற்பாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பரவாது.

இதற்கு ஒரு மாற்றை சியாட்டில் சிட்டி லைட் என்ற நகர மின்வாரியத்தோடு சேர்ந்து புல்லிட் மையத்தில் சோதித்தார்கள். மீட்ஸ் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். சாதாரணமாகக் கட்டியிருந்தால் இந்தக் கட்டடம், இன்றைய குளிரிலும் இன்றைய ஆள்நடமாட்டத்திலும், எவ்வளவு செலவழித்திருக்கும் என்று ஓர் அடிப்படை அளவைக் கணிக்கிறார்கள். உண்மையில் மீட்டரில் ஓடிய அளவை அதிலிருந்து கழிக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை மின்வாரியம் ஒரு மின்நிலையத்திடமிருந்து வாங்கிய மின்சாரம் போலவே நீண்டகால ஒப்பந்தத்தில் விலை கொடுத்து வாங்குகிறது. செலவழிக்காத யூனிட்டுக்கு வருமானம் பிறக்கிறது. வருமானம் நிச்சயமானால் அதைக் காட்டிக் கடன் வாங்கலாம், கடன் கிடைத்தால் பழைய கட்டடங்களின் ஜன்னலையும் கூரையையும்கூட மாற்றலாம்.

அடிப்படை அளவை யார் கணிப்பது, அதில் சச்சரவு வந்தால் யார் தீர்ப்பது என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. புல்லிட் மையத்தில் அது நடக்க முடிந்ததற்குக் காரணம், மாடிவாரியாகவும் வாடகைதாரர்வாரியாகவும் முதல் நாளிலிருந்தே மீட்டர் வைத்து அளந்துவந்த பழக்கம். நெட் ஜீரோ அலுவலகம் ஒன்றைச் சின்ன அளவில் கட்டத் திட்டமிடுகிறவருக்கு என் முதல் பரிந்துரையும் அதுவே. பேனல் விலையை விசாரிப்பதற்கு முன், இப்போது இருக்கும் அலுவலகத்தில் ஒவ்வொரு சர்க்யூட்டும் மணிக்கு மணி எவ்வளவு இழுக்கிறது என்று ஓராண்டு அளந்து பாருங்கள். ஆள் இல்லாத இரவு நேரத்தில் மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புதுக் கட்டடத்தின் பட்ஜெட்டில் முதலில் வெட்ட வேண்டிய வரி அதுதான்.